நர்சம்மாவைக் கேளுங்கள்: தோளில் தொங்கிய நீலப் பெட்டி

(விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் 33 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் அடித்தது. தொடை வீங்கி, காலை அசைத்தாலே அழுதான். அடுத்த ஊசிக்கு விடமாட்டேன் என்கிறார் மாமியார். போனில் ஏதோ வீடியோ வேறு பார்த்திருக்கிறார். என்ன செய்வது?
– இளம் தாய், செஞ்சி

மாமியார் மேல் கோபப்படாதீர்கள் அம்மா. பேரன் அழுவது பொறுக்காமல்தான் சொல்கிறார்.

அந்தத் தொடை ஊசியில் ஐந்து நோய்க்கு மருந்து ஒன்றாக இருக்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலையில் 'பி' வகை, அப்புறம் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் ஹிப் கிருமி. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும் வீக்கமும் வருவது வழக்கம்தான். ஊசி போட்ட இடத்தில் ஈரத்துணி வையுங்கள். தேய்க்காதீர்கள், தைலம் தடவாதீர்கள். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு என்பதைக் குழந்தையின் எடை பார்த்து நர்ஸ் சொல்வார். வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு புரளி எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. நான் போன பள்ளிக்கூடத்தில் காலை ஒன்பதரைக்கே பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு தகப்பனார் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். வாதாடினால் கூட்டம் பெருகும் என்று எனக்குப் பட்டது. என் அக்கா பேத்தி அதே பள்ளியில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, எல்லார் கண் முன்னாலும் முதல் ஊசியை அவளுக்குப் போட்டேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் பாட்டுக்கு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அந்தத் தகப்பனார் மகளைத் திரும்பக் கூட்டிவந்தார்.

அடுத்த ஊசி பத்தாவது வாரத்தில். அன்றைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனசில் இருக்கும் பயத்தை அவரே நர்ஸிடம் நேரில் கேட்கட்டும்.

நீங்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவீர்களே, அந்த நீலப் பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? சின்ன வயதில் அதைப் பார்த்தாலே ஓடி ஒளிவேன்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலம்

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்வேன்!

புதன்கிழமைதான் எங்களுக்கு ஊசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறைபெட்டியிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்ததும் பெட்டியில் அடுக்கிவிடக் கூடாது. எடுத்தவுடன் அது கல் மாதிரி, மேலே வெள்ளைப் பனி படிந்து இருக்கும். மேஜை மேல் பரப்பி வைப்போம். கொஞ்ச நேரத்தில் வேர்த்து நீர் கோர்க்கும். அப்போது காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே 'களக்'கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். ஏன் இவ்வளவு பாடு என்றால், மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் பட்டால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தொடை ஊசி மருந்து உறைந்தாலும் கெட்டுவிடும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், பிள்ளைக்குள் போய் வேலை செய்யாது.

குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். மிளகு அளவுதான். சூடு படப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடி போட ஆரம்பித்த பிறகு, மரத்தடியில் வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு குப்பியையும் வெயில் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் ஆயுசு. கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதிவிடுவேன். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் அதற்காகக் குப்பியைத் திறப்போம். மிச்சம் வீணாகுமே என்று கேட்பார்கள். நாளைக்கு வா என்று அனுப்பினால் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டு மறுபடியும் வர வேண்டுமே. வராமல் போனால்?

கர்ப்பத்துக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, சின்னசேலம்

நிறுத்தாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை. தினம் ஒன்று, 180 நாள். டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். எலுமிச்சை, நெல்லி, கொய்யா எது கிடைத்தாலும் கூடச் சேருங்கள்.

என் அம்மா டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர். தினக்கூலிதான். வீடு வீடாகத் தொட்டி பார்க்கப் போனால் சிலர் கேட்டையே திறப்பதில்லை. 'போன வாரம்தானே வந்தீங்க' என்று விரட்டுகிறார்கள். சாயந்தரம் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான் என்ன சொல்லித் தேற்றுவது?
– கல்லூரி மாணவர், கடலூர்

தம்பி, அம்மாவிடம் நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அம்மாவை விரட்டியவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் வந்ததால்தான் இந்த வாரமும் வருகிறார்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை பார்த்தால் புழுவாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைத் தண்ணீர் தொட்டதும் பொரியும். அதனால்தான் நார் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

ஒருமுறை நானும் ஒரு பணியாளரோடு போனேன். மாடி வீடு, பளிச்சென்று இருந்தது. எங்கள் வீட்டில் கொசுவே இல்லை என்றார் அந்த அம்மா. பணியாளர் பேசாமல் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, அடித்தட்டில் டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் பத்துப் பதினைந்து புழு நெளிந்து அடியில் போயின. அந்த வீட்டுப் பையன் அப்போது காய்ச்சலோடு உள்ளறையில் படுத்திருந்தான்.

கொசு வளரவிடக் கூடாது என்று 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மா செய்வது சட்டம் சொன்ன வேலை. நாள் முழுக்க வெயிலில் நடந்து, வாழ்நாள் முழுக்கத் தினக்கூலியாகவே இருப்பது சரியில்லை. அவர்கள் வேலையை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரைக்கும் கேட்டைத் திறந்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீராவது கொடுங்கள் வாசகர்களே.

ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர்) படிப்பை முடித்திருக்கிறேன். கிராம சுகாதார செவிலியர் வேலைக்குப் போக ஆசை. 'ஆஸ்பத்திரியில் சேர், தெருத் தெருவாக அலையாதே' என்கிறார்கள் வீட்டில். இந்த வேலையில் எது கஷ்டம்?
– மாணவி, திருக்கோவிலூர்

கண்ணு, போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போவதுதான் கஷ்டம்.

சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர். செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் ஊசி, மற்ற நாளெல்லாம் நடை. 1986-ல் நான் சேர்ந்தபோது ஊசிக்காரம்மா வருகிறாள் என்று பிள்ளைகள் ஓடும். அதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். தொண்ணூறுகளில் ஒரு பெண், தலைப்பிரசவம், எட்டாம் மாதம். கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஆடி கழியட்டும் என்றார்கள். இரண்டு முறை போய்ச் சொன்னேன். மூன்றாம் முறை போகவில்லை, கணக்கு எழுதும் வாரம் அது. வலிப்பு வந்து, மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். 108 எல்லாம் 2008-ல்தானே வந்தது. தாய் பிழைத்தாள். பிள்ளை போய்விட்டது. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் அந்த வீட்டைப் பார்க்காமல் என்னால் நடக்க முடிவதில்லை.

அதற்கப்புறம் நான் கணக்கை வீட்டில் ராத்திரி எழுதினேன். பகலில் நடந்தேன்.

போலியோ சொட்டு மருந்து நாட்களில் வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதுவோம். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாகிவிட்டால் 'பி'. யாராவது விட்டுப்போனால் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு வந்ததுதான் இயற்கையாகப் பரவும் கிருமியால் நம் நாட்டில் வந்த கடைசி போலியோ. 2014 மார்ச் 27-ல் போலியோ ஒழிந்தது என்று நம் நாடு இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குச் சான்றிதழே கொடுத்தார்கள். இப்போது சொல்லப்போவது அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நடந்தது.

ஊருக்கு வெளியே செங்கல் சூளை. வேறு மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம், ஒன்றரை வயசுப் பிள்ளை. முதல் நாள் போனேன், பிள்ளை தூங்குகிறது என்றார்கள். போன தடவை மூத்தவனுக்குக் கொடுத்து ஜுரம் வந்ததாம், கொடுக்க மனசில்லை. உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் குடிசையில் ஆளே இல்லை. கல் அறுப்பது விடியலுக்கு முன்னால் என்று பக்கத்தில் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை நாலு மணிக்குப் போனேன். லைட் வெளிச்சத்தில் புருஷனும் பெண்சாதியும் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புடவைத் தூளியில் பிள்ளை. பெட்டியை இறக்கி வைத்தேன். அந்தப் பெண் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த நேரத்துல வந்திருக்கீங்களே நர்சம்மா. நீங்களே வாயைத் திறந்து ஊத்துங்க, என் கையெல்லாம் சேறு" என்றாள்.

இரண்டு சொட்டு. பிள்ளை முழித்துச் சப்புக்கொட்டியது. இடது சுண்டுவிரல் நகத்தில் மார்க்கர் வைத்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் குடிசைக்கு வந்து, தகரக் கதவில் இருந்த எக்ஸுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு 'பி' எழுதிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.