கடலில் ஏழு இரவுகள்: வாசகர் கேள்வி – பதில்

படகிலேயே தங்கி, உண்டு, உறங்கி, நாளுக்கு மூன்று முறை முக்குளிக்கும் மாலத்தீவு ‘லைவ்அபோர்டு’ பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு புதுச்சேரியில் முக்குளிப்பின் தொடக்கநிலையான ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் பெற்றேன். இதுவரை ஆறு முறை முக்குளித்திருக்கிறேன். வரும் பிப்ரவரியில் மாலத்தீவுப் படகுப் பயணம் போகலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இந்தப் பிப்ரவரியில் வேண்டாம். உங்கள் ஆர்வத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கடலின் அமைப்பை அறிந்து சொல்கிறேன். மாலத்தீவின் பவளத் தீவுக்கூட்டங்கள் வளைய வடிவானவை. வளையத்தில் ஆங்காங்கே உள்ள இடைவெளிகளை அங்கே ‘கந்து’ என்கிறார்கள். பெருங்கடல் நீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே பாய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கிழக்குப் பக்கக் கந்துகளில் தெளிந்த நீர் விசையோடு புகும். சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறாக்கள் அந்த விளிம்பில்தான் திரளும். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் தோணியிலிருந்து குதித்த உடனே 25, 30 மீட்டருக்கு இறங்கி, கொக்கியைப் பாறையில் மாட்டிக்கொண்டு நீரோட்டத்தில் நிலைகொள்ள வேண்டும். உங்கள் சான்றிதழோ 18 மீட்டர் வரைக்குமானது.

30 மீட்டரில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல நான்கு மடங்கு என்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்குக் காற்று செலவாகும். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிடும் புதியவரின் சிலிண்டர் இருபது நிமிடங்களுக்குள் தீரும் நிலைக்கு வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவருக்காக வழிகாட்டியும் பாதியில் மேலேற நேரும். ஆகவே முதலில் ‘அட்வான்ஸ்டு’ பயிற்சியை முடியுங்கள். முருதேசுவரம் அருகே உள்ள நேத்ராணித் தீவிலோ, அந்தமானின் ஹேவ்லாக்கிலோ முப்பது நாற்பது முழுக்குகள் போடுங்கள். கையை அசைக்காமல், தரையைத் தொடாமல், ஒரே ஆழத்தில் ஐந்து நிமிடம் மிதந்து நிற்க முடிகிறது என்றால் நீங்கள் தயார். மாலத்தீவில் முதல் நாள் முழுக்கில் வழிகாட்டி உங்களிடம் சோதிப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

கேள்வி: ஆனைத் திருக்கையையும் திமிங்கிலச் சுறாவையும் பார்க்க எந்த மாதம் போக வேண்டும்? எவ்வளவு அருகில் போகலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நம் கடற்கரையில் ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை என்றெல்லாம் வழங்கும் மாண்டா, மிதவை உயிரிகளைத் தின்று வாழ்வது. பருவக்காற்று திரும்பும்போது நீரோட்டமும் திரும்பி, மிதவை உயிரிகள் தீவுக்கூட்டங்களின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறும். திருக்கைகளும் அவற்றின் பின்னே போகும். வடகிழக்குக் காற்றில் மேற்குப் பக்கம், தென்மேற்குக் காற்றில் கிழக்குப் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் பா தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை பெருங்கூட்டமாகக் கூடி இரை தேடும். 2009-இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்ட அங்கே சிலிண்டருடன் இறங்கத் தடை உண்டு. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதந்து பார்க்கலாம். இந்தத் தடையை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

எவ்வளவு அருகில் என்ற கேள்விக்கு, நான் கண்டதைச் சொல்கிறேன். திருக்கைகள் தம் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளை நீக்கிக்கொள்ள, குறிப்பிட்ட பவளப்பாறைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆரி தீவுக்கூட்டத்தில் அப்படியொரு பாறையைவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி, உயிரற்ற கற்களின் பின்னே ஆறு பேர் தாழ்ந்து காத்திருந்தோம். இருபது நிமிடம் எதுவும் வரவில்லை. பின்பு, பாறை இடுக்குகளில் இருந்த, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் விரலளவு நீலவரி மீன்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. திருக்கை எங்கள் கண்ணுக்குத் தெரியுமுன் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலச் சிறகோடு அது வந்து பாறைக்கு மேலே வேகம் குறைத்து, செவுள் பிளவுகளை விரித்துக் கொடுத்தது. சிறு மீன்கள் உள்ளே புகுந்து வெளியே வந்தன. பிறகு அதுவாகவே எங்கள் தலைக்கு மேல் வந்தபோது, அதன் கண் எங்கள் ஒவ்வொருவர் மீதும் நின்று நகர்ந்ததைக் கண்டேன். அந்த நேரத்தில் வேறொரு குழுவைச் சேர்ந்தவர் கோலில் பொருத்திய கேமராவை நீட்டியபடி மேலெழும்பினார். திருக்கை ஒரு சிறகைச் சாய்த்துத் திரும்பிப் போய்விட்டது. எங்கள் காற்று தீரும்வரை மீண்டும் வரவில்லை. நாம் அசையாமல் இருந்தால், எவ்வளவு நெருங்குவது என்பதை அது முடிவு செய்யும். பெரும்பாலும் நாம் துணிவதைவிட அருகிலேயே வரும். அதன் வயிற்றுப் புள்ளிகள் நம் கைரேகையைப் போல ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை. கீழிருந்து எடுத்த தெளிவான ஒரு படம் ஆய்வாளர்களுக்கும் உதவும்.

திமிங்கிலச் சுறாவைத் தெற்கு ஆரியில் ஆண்டு முழுவதும் காண வாய்ப்புண்டு. அங்கே வருபவை பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத ஆண் சுறாக்கள். அம்மணி உழுவை என்று நம் மீனவர்கள் அழைக்கும் இந்த உயிரை இந்தியா 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. ஆரியில் அவற்றுள் பலவற்றின் உடலில் படகுச் சுழலியால் ஏற்பட்ட வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. பார்க்கும்போது மனம் கலங்கும். சுறாவின் மேல் பாயாமல், பாதையை மறிக்காமல், சில மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நீந்துங்கள். வாலிடம் இன்னும் விலகியிருங்கள். பத்துப் படகுகள் ஏற்கெனவே சூழ்ந்திருந்தால் இறங்காமல் காத்திருக்கும் தலைவனின் படகைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அலிமதாத் தீவில் இரவு முழுக்கின்போது சுறாக்கள் உடம்பில் உரசிக்கொண்டு போகும் என்கிறார்களே, ஆபத்தில்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாவு தீவுக்கூட்டத்தின் அலிமதாவில் கூடுபவை செவிலிச் சுறாக்கள். இவை இரவில் தரையில் இரையை உறிஞ்சித் தின்பவை. மனிதரை இரையாகக் கருதுவதில்லை. ஆனாலும் தாடை வலிமையானது, எனவே விரல்களை மடக்கி வைத்திருங்கள். இந்தக் கூட்டம் இயல்பாகச் சேர்ந்ததன்று. மனிதர் போட்ட மீன் கழிவுக்குப் பழகி வந்தது. மாலத்தீவு 2010-இல் தன் கடலெங்கும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. அப்படிக் காக்கப்பட்ட ஒரு விலங்கை எச்சிலுக்குப் பழக்குவது எனக்கு உடன்பாடில்லை. இரை போடும் முழுக்கு என்று தெரிந்தால் நான் தோணியிலேயே இருந்துவிடுவேன்.

கேள்வி: கடைசி நாள் மாலை முக்குளித்துவிட்டு மறுநாள் காலை விமானம் ஏறலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூடாது. பல நாள் தொடர்ந்து முக்குளித்தவரின் உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும்; விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாகி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கலாம். குறைந்தது 18 மணி நேரம் என்பது வழக்கமான பரிந்துரை. 24 மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: என் மகன் முதன்முறையாக இப்படிப் படகில் போகிறான். சுறாவைவிட எனக்குப் படகுதான் பயமாக இருக்கிறது. அவன் எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: அம்மா, உங்கள் அச்சம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. 2019 செப்டம்பர் 2 அன்று விடியுமுன், கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புப் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் இறந்தனர். இரவில் சுற்றிவந்து காவல் பார்க்க யாரும் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தும், இரண்டுமே தீப்பற்றிய அதே கூடத்தில்தான் திறந்தன.

எனவே, இரவில் விழித்திருந்து சுற்றிவருபவர் யார் என்று படகுத் தலைவரிடம் பெயரோடு கேட்கச் சொல்லுங்கள். அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எங்கே திறக்கிறது என்பதை முதல் மாலையே விளக்கில்லாமல் நடந்து பார்க்கட்டும். டார்ச், கேமரா, பவர் பேங்க் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகளை ஆள் பார்வையில் இருக்கும் இடத்தில் பகலிலேயே சார்ஜ் செய்து, படுக்கப் போகுமுன் இணைப்பைக் கழற்றிவிடட்டும்.