பழுதான பொருளும் மூன்று மாதக் கணக்கும்: கேள்வி பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி: ஏழு கிழமைகளுக்கு முன் மட்டக்களப்பு நகரில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி இரண்டாம் கிழமையிலேயே குளிராமல் நின்றுவிட்டது. "திருத்துபவர் கொழும்பிலிருந்து வருவார், அடுத்த கிழமை பாருங்கோ" என்று கடைக்காரர் ஐந்து தடவை சொல்லிவிட்டார். இன்னும் பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தை, கடைக்காரர் கடைசியாகத் தவணை சொன்ன நாளிலிருந்து அல்ல, பொருளை வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் ஆறு கிழமைகள் அளவில்தான் மீதம் உண்டு. என் மாமி ஒருவர் இப்படி "அடுத்த கிழமை"களை நம்பி நான்கு மாதங்கள் காத்திருந்த பின்னர்தான் என்னிடம் வந்தார். அந்த வருத்தத்தினாலேயே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதலில், பழுதையும் கடைக்குச் சென்ற தேதிகளையும் குறித்து, பதிலுக்கு ஒரு கிழமை அவகாசம் கொடுத்து, கடைக்காரருக்குக் கடிதம் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அசையாவிட்டால் அந்தப் பிரதியுடன் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை ஆகியவற்றின் பிரதிகளையும் இணைத்து அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யுங்கள். விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் தெரிந்தால் பொருளை மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ, நட்டஈடு செலுத்தும்படியோ சபை கட்டளையிடலாம்.

கல்முனையிலிருந்து ஒருவர்: பற்றுச்சீட்டில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்ற காரணங்களுக்கு அந்த வரி செல்லும், நீங்கள் மனம் மாறியதற்காகக் கடைக்காரர் பொருளைத் திருப்பி எடுக்கவேண்டியதில்லை. பழுதான பொருளின் கதை வேறு. சட்டம் அதிகார சபைக்குக் கொடுத்த அதிகாரத்தைக் கடைக்காரர் அச்சிட்ட ஒரு வரி பறித்துவிடாது.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: சேலையை விரித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு முந்தானையில் நூல் விட்டிருந்ததைக் கண்டேன்.

பதில்: இது சற்றுக் கடினம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மடிப்புக்குள் மறைந்திருந்த குறை என்றால் உங்கள் வாதம் வலுவாகும். கட்டாமல், கழுவாமல், உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விவசாயி: வயலுக்கு வாங்கிய நீர் இறைக்கும் இயந்திரம் ஐந்தாம் மாதத்தில் நின்றுவிட்டது, உத்தரவாதம் ஒரு வருடம்.

பதில்: அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கும் மூன்று மாதம் கடந்துவிட்டாலும், கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஒரு வருட வாக்கு அவரை இன்னும் கட்டுப்படுத்தும். கடிதம் எழுதுங்கள், பலனில்லையெனில் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையை நாடலாம். அதற்குள் வேறொருவரிடம் இயந்திரத்தைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். "வெளியாள் கைவைத்ததால் பழுதாயிற்று" என்று கடைக்காரர் தப்பித்துக்கொள்ள அது வழி திறந்துவிடும்.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: கைத்தொலைபேசிக்குக் கடையில் பற்றுச்சீட்டுத் தரவே இல்லை.

பதில்: கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. இன்றே போய்க் கேளுங்கள். மறுத்தால் அதையும் சேர்த்து 1977 என்ற இலக்கத்தில் அதிகார சபைக்கு அறிவியுங்கள். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாமல், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள்.