உள்ளூர் விளைபொருளுக்கு மக்கள் எவ்வளவு கூட்டிக் கொடுப்பார்கள் என்பதை எப்படி அளப்பது?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து உருளைக்கிழங்கும் சின்ன வெங்காயமும் எடுத்துக் கொழும்பு வெள்ளவத்தையில் விற்கப் போகிறாராம். இறக்குமதிச் சரக்கைவிடக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டிப் போடலாம் என்று தெரிந்துகொள்ள வட்ஸப் குழுக்களில் ஒரு கூகுள் படிவம் அனுப்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

அனுப்பாதீர்கள். நான் அதைச் செய்து சூடுபட்டவன்.

கொழும்பில் சந்தை ஆய்வு வேலையில் பல வருடம் இருந்தேன். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிற பிள்ளைகளை மேய்ப்பதுதான் தொழில், ஆள் குறைந்த நாளில் நானே போவேன். ஒருமுறை ஒரு வியாபாரிக்காக, பெயர் வேண்டாம், கிட்டத்தட்ட உங்கள் கேள்வியையே எடுத்துக்கொண்டு இறங்கினோம். காலி வீதிக்குக் கடற்பக்கமாக ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் ஓர் அம்மா பிளேன்டீ தந்து உட்கார வைத்தார். "எங்கட தோட்டத்துக் கிழங்கெண்டா நூறென்ன, நூற்றம்பது கூடவும் குடுப்பன் தம்பி. ஊர்ச் சாமானுக்குக் காசு பாக்கேலுமோ?" என்றார். 150 என்று எழுதிக்கொண்டு இறங்கினேன். அன்று பின்னேரம் சந்தையில் அதே அம்மா. இரண்டு குவியல் இருந்தது. பாகிஸ்தான் கிழங்குக் குவியலில் குனிந்து பெரிதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இது சும்மா பிரட்டலுக்குத்தான்" என்று சிரித்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் என்னிடம் சொன்னது ஊர்ப்பற்று, சந்தையில் செய்தது வீட்டுக் கணக்கு. கையில் காசு இல்லாத இடத்தில் கேட்டால் ஆட்கள் கூட்டித்தான் சொல்வார்கள், உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கண்டது இது. எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கேட்டவன் நான், என் வாயில் வந்தது யாழ்ப்பாணத் தமிழ். என் முகத்தைப் பார்த்து யார் "எனக்கு இறக்குமதிக் கிழங்கே போதும்" என்பார்? எங்கள் அறிக்கையை நம்பி அந்த வியாபாரி லொறி நிறைய இறக்கினார். பாதிக் கிழங்கு முளைவிட்டது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். விலையைப் போட்டு விருப்பத்தைக் கேளுங்கள்: "இறக்குமதிக் கிழங்கைவிட 60 ரூபா கூட. வாங்குவீர்களா, இல்லையா?" கடையில் நாம் செய்வது இதைத்தானே. ஒருவருக்கு 20, அடுத்தவருக்கு 60, இன்னொருவருக்கு 120 என்று விலையைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொண்டே போங்கள். ஆம் என்றவருக்கு இன்னும் உயர்ந்த விலையும், இல்லை என்றவருக்குக் குறைந்த விலையும் ஒருதரம் மட்டும் காட்டலாம். விலை ஏற ஏற, ஆம் என்பவர்கள் எங்கே பதில் சொன்னவர்களில் பாதியாகக் குறைகிறார்களோ அதுதான் உங்கள் நடுப்புள்ளி. 1989 இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, இயற்கைக்கு வந்த சேதத்தை மக்களிடம் கேட்டு ரூபா சதமாக்க முடியுமா என்று பெரிய வழக்காடல் வந்தது. 1993 இல் கென்னத் ஆரோ, றொபர்ட் சோலோ தலைமையிலான நிபுணர் குழு சொன்னதும் இதையே: தொகையைக் கேட்காதே, ஆம் இல்லை கேள். ஆனாலும் இது வாய்ப்பேச்சுத்தான். "பலர் இப்படிக் கேட்டால் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள், உங்கள் பையில் உள்ள காசை நினைத்துச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே வாசித்துக் காட்டினால் ஓரளவு இறங்கும்.

எனக்குப் பிடித்தது வேறு. அதற்கு ஒரு பழைய பிஸ்கட் டின் போதும்.

1964 இல் பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற மூன்று பேர் எழுதிய முறை. நாங்கள் பிறகு ஒருநாள் ஒரு கோயில் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டுச் செய்தோம். வருகிறவருக்கு இறக்குமதிக் கிழங்கு ஒரு கிலோ இலவசம், கையில் கொடுத்துவிடுவோம். மேசையில் உள்ளூர்க் கிழங்கு ஒரு கிலோ. "இதைக் கொடுத்துவிட்டு அதை எடுக்க அதிகபட்சம் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்?" என்று கேட்டுத் துண்டில் எழுத வைப்போம். பிறகு டின்னில் கையை விட்டு அவரே ஒரு துண்டை எடுப்பார். உள்ளே 10, 20, 30 என்று 200 வரை இலக்கங்கள். எடுத்த இலக்கம் அவர் எழுதியதற்குச் சமம் அல்லது குறைவு என்றால், எடுத்த இலக்கத்தை மட்டும் கட்டி மாற்றிக்கொள்ளலாம். கூடிவிட்டால் மாற்ற முடியாது, கையில் உள்ளதோடு வீட்டுக்கு.

நுணுக்கம் என்னவென்றால், நீங்கள் எழுதுவது விலையை முடிவு செய்வதில்லை, டின்தான் முடிவு செய்கிறது. மனதில் 80 இருக்க 50 என்று குறைத்து எழுதினால், 60 வரும்போது லாபமான மாற்றம் கைநழுவிப் போகும். 150 என்று பீற்றிக்கொண்டால், 120 வரும்போது எண்ணிக் கட்டவேண்டும். உள்ளதை எழுதுவதே புத்தி. பேரம் பேசிப் பழகிய நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபடாது, அதனால் முதலில் டொபி ஒன்றை வைத்து ஒத்திகை பார்க்கவேண்டும். "இதென்ன தம்பி, கிழங்குக்கும் லொத்தரோ?" என்று ஒருவர் கேட்டார்.

அந்த மூன்றாம் மாடி அம்மாவும் வந்திருந்தார். துண்டை மறைத்துப் பிடித்து, யோசித்து, 40 என்று எழுதினார். மடித்துத் தரும்போது, "அண்டைக்குச் சொன்னது வேற கதை" என்றார். டின்னில் 30 வந்தது. கட்டிவிட்டுக் கிழங்கை மாற்றிக்கொண்டு போனார்.

இரண்டு விஷயம் அங்கே கற்றேன். பெரும்பாலானோர் 50, 100 என்று வட்டமாகவே எழுதுவார்கள், 65 என்று எழுதுகிறவர் அபூர்வம். அதனால் சராசரியைச் சதம் வரை கணக்கிட்டு மகிழவேண்டாம். அடுத்தது, 0 எழுதுகிறவர்கள். எங்களிடம் 0 எழுதிய ஒரு தம்பி விடுதியில் சமைப்பவர். இறக்குமதிக் கிழங்கு பெரிது, மண் இல்லை, தோல் சீவச் சுகம் என்றார். அவர் உண்மையில் 0 இல்லை, அதற்கும் கீழே. உள்ளூர்க் கிழங்கைக் கொடுத்திருந்தால் காசு கட்டி மறுபக்கம் மாறியிருப்பார். ஆகவே பாதிப் பேருக்கு இறக்குமதியும் பாதிப் பேருக்கு உள்ளூரும் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டது பிழை.

விக்ரியின் 1961 ஆம் ஆண்டு ஏல முறையும் உண்டு: உயர்ந்த விலை எழுதியவர் வென்று, இரண்டாவது விலையைக் கட்டுவார். தெரிந்த முகங்கள் கூடுகிற இடத்தில் அது மானப் பிரச்சினையாகிவிடும், நான் தொடமாட்டேன். தெரிவு அட்டை முறை பெரிய நிறுவனங்களுக்கு நல்லது. விளைந்த இடம், விலை, மண்ணோடா கழுவியதா என்று மாற்றி மாற்றி அட்டைகளைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். கணக்கில் "உள்ளூர்" என்பதற்கு 0.6 புள்ளி, ஒவ்வொரு ரூபா விலையேற்றத்துக்கும் 0.005 கழிவு என்று வந்தால், ஒன்றை மற்றதால் வகுக்க 120 ரூபா. இது பேச்சுக்குச் சொன்ன கணக்கு. நூற்றுக்கணக்கில் ஆட்களும் புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரும் வேண்டும், உங்களுக்குத் தேவையில்லை.

யாரையும் கேட்காமல் அளக்க ஒரு வழி இருக்கிறது, கள்ளனைக் கவனிப்பது. இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பிரட்டி உள்ளூர்க் கிழங்கென்று விற்றுப் பிடிபட்ட செய்தி தம்புள்ளைப் பக்கமிருந்து அவ்வப்போது வரும். மண், கூலி, சாக்கு, பிடிபட்டால் தண்டம் எல்லாம் போக மிச்சம் இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் அறிக்கையைவிட நேர்மையான தரவு அது. ஆனால் அதே கள்ளத்தனம் உங்கள் காலையும் வாரும். மண்ணைக் கண்டு நம்பிய காலம் போனால், உள்ளூர் என்று எழுதி ஒட்டிய அட்டைக்கு யார் காசு தருவார்? ஊர்ப்பெயர், கமக்காரர் பெயர், கிண்டிய திகதி என்று ஏதாவது காட்டித்தான் கேட்கவேண்டும். சந்தையில் தெரியும் விலை வித்தியாசத்தையும் அப்படியே எடுக்காதீர்கள். இறக்குமதிக் கிழங்குக்கான விசேட வர்த்தகப் பண்ட வரியை அரசாங்கம் உள்ளூர் அறுவடையைப் பார்த்து ஏற்றி இறக்கும், வித்தியாசமும் அதோடு ஆடும்.

அப்புறம், எது உள்ளூர்? யாழ்ப்பாணக் கிழங்கு கொழும்புக்கு வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடவேண்டும். மலைநாட்டு வெலிமடைக் கிழங்குக்குக் கிட்டத்தட்ட அதில் பாதித் தூரம்தான். வெள்ளவத்தைத் தமிழருக்கு உள்ளூர் என்றால் ஊர், பக்கத்து வீட்டுச் சிங்களவருக்கு வெலிமடை, நுவரெலியா. (கொழும்பின் பெயரையே சுமந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பெருமையாக இருக்கிற கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?) ஆகவே பெயருக்குக் கொடுக்கிறார்களா, ருசிக்கா என்று பிரித்துப் பாருங்கள்: ஒரு குழுவுக்கு அவித்த கிழங்கை இடம் சொல்லாமல் தின்னக் கொடுங்கள், ஒரு குழுவுக்குப் பெயர் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். வெங்காயத்துக்கும் இப்படித்தான், ஆனால் சின்ன வெங்காயத்தைப் பெரிய பம்பாய் வெங்காயத்தோடு ஒப்பிடவேண்டாம், அவை வேறு வேறு சாமான். இந்தியச் சின்ன வெங்காயத்தோடு வையுங்கள்.

நாளும் முக்கியம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த மாதம் டின்னோடு போயிருந்தால் எல்லாத் துண்டிலும் 0 தான் வந்திருக்கும். சம்பளக் கிழமையில் ஒருநாள், மாதக் கடைசியில் ஒருநாள் செய்யுங்கள். கோயிலடியில் மட்டும் நிற்காமல் கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கமும் மேசை போடுங்கள். கால் கிலோவாக வாங்குகிறவரிடம் கிலோக் கணக்குக் கேட்கவேண்டாம், கால் கிலோப் பையையே வையுங்கள்.

சில்லறையை முதல்நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், 20 ரூபாத் தாளும் 10 ரூபாக் குற்றியும் நிறைய. எங்களுக்கு முதல் அரைமணித்தியாலம் மிச்சக் காசு கொடுக்க வழியில்லாமல், 30 வந்தவர்களுக்கெல்லாம் "சரி, கொண்டுபோங்கோ" என்று சும்மா மாற்றிக் கொடுத்தோம். அது தெரிந்ததும் பின்னால் நின்றவர்கள் எல்லாம் 200 எழுதத் தொடங்கிவிட்டார்கள்.