சாயம் ஏறியிருக்கிறது, ஆனால் ஹெர்2 நெகட்டிவ்: அக்காவின் ரிப்போர்ட் தப்பா?

அந்த ஒரு வரியை வைத்துத் தப்பு என்று சொல்ல முடியாது. அக்காவின் மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்கு பினாங்கில் எடுத்த ரிப்போர்ட்டில் "ஹெர்2: சைட்டோபிளாசத்தில் மட்டும் சாயம், ஸ்கோர் 0" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேடும் புரதம் எங்கே இருக்கிறது என்று பழுப்பாகக் காட்டுவதுதான் சாயம்; ஹெர்2-க்கு 0 முதல் 3+ வரை ஸ்கோர் போடுவார்கள். சைட்டோபிளாசம் என்றால் செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி. சாயம் எவ்வளவு என்பதற்கு முன்னால், எங்கே என்று பார்க்க வேண்டும்.

ஹெர்2 செல்லின் மேல்சவ்வில் பதிந்து நிற்கும் புரதம். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து பிடிப்பது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை. உள்ளே மங்கலாகப் பரவிய பழுப்பால் அந்த மருந்துக்குப் பிடிமானம் கிடைக்காது. 3+ ஸ்லைடைப் பார்த்தால் சந்தேகமே வராது: ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கெட்டியான பழுப்பு வளையம், நடுவில் நீல உட்கரு, மொத்தமும் கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரி இருக்கும். 10%-க்கு மேற்பட்ட செல்களில் இப்படி இருந்தால்தான் 3+, அதாவது பாசிட்டிவ். வளையம் முழுசு, ஆனால் வெளிறியது என்றால் 2+. அங்கே கண்ணை மட்டும் நம்பக்கூடாது, ஃபிஷ் என்ற, ஜீனை ஒளிரவைத்துப் பார்க்கும் பரிசோதனையில் ஹெர்2 ஜீன் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களைப் பிடிக்கும் புரதங்கள்) இரண்டுக்கும் உட்கருதான் கணக்கு. 1% உட்கருக்களில் சாயம் ஏறினாலே பாசிட்டிவ். வெளியே ஏறியது சேராது.

இடம் மாறினால் புரதத்தின் குணமே மாறும் என்பதற்கு பி27 என்ற புரதம் உதாரணம். உட்கருவில் இருக்கும்வரை அது செல் பிரிவதற்கு பிரேக். ஏகேடி என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே தங்கிவிடும். புரதம் இருக்கும், பிரேக் பிடிக்காது. மார்பகக் கட்டிகளில் 2002-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். அதற்காக "ஏன் எங்களுக்கு பி27 பார்க்கவில்லை" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சிகிச்சையை முடிவு செய்யும் வழக்கமான பட்டியலில் அது கிடையாது.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு: திசு, அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு எப்படிப் போனது? வெட்டி எடுத்த 1 மணி நேரத்துக்குள் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். மார்பகத்தை முழுசாக எடுத்திருந்தால் கத்தியால் கீறிப் பிளந்துவிட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். அப்படியே போத்தலில் திணித்தால் ஃபார்மலின் உள்ளே இறங்குவதற்குள் நடுவில் இருக்கும் கட்டி கெட ஆரம்பித்துவிடும். இதைச் சொன்னால் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். தைப்பூசம் திங்களில் வந்தால் வெள்ளி மாலை 5 மணிக்குப் போட்ட போத்தலை செவ்வாய் காலை 10 மணிக்குத் திறப்பார்கள்: 89 மணி நேரம்! விடுமுறைக்கு முன் ஆபரேஷன் வைப்பவர்கள், லேபில் எடுக்க ஆள் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன?

எனவே மூன்று கேளுங்கள். ஃபார்மலினில் இருந்த நேரம் ரிப்போர்ட்டில் பதிவாகியிருக்கிறதா? ஈஆரும் நெகட்டிவ் என்றால், அதே ஸ்லைடில் உள்ள சாதாரணப் பால்குழாயில் சாயம் ஏறியதா? ஏறாவிட்டால் பரிசோதனையே தோற்றது, கட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஹெர்2 உண்மையில் 0-வா, 1+-ஆ? முன்பு இரண்டும் ஒன்றுதான், நெகட்டிவ்; 2022-க்குப் பிறகு, பரவிய நோயில் 1+ உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான் என்ற மருந்துக்கு வழி இருக்கிறது.

கோலாலம்பூரில் இரண்டாவது கருத்து கேட்பதானால் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். சாயம் ஏற்றாமல் வெட்டி வைத்து 6 வாரம் தாண்டிய ஸ்லைடில் பிறகு சாயம் மங்கலாகத்தான் ஏறும். நெடுஞ்சாலையில் சாப்பிட நிறுத்தினாலும் பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.