ஐந்து பேர் ஆட்டத்தில் ஒரு நேர்மைக்காரன்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். என் கேரக்டர் பேலடின், அறத்துக்காகச் சபதம் எடுத்த வீரன். போன வாரம் ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) சரணடைந்தது. விசாரணை முடிந்ததும் எங்கள் ரோக் (திருடன் கேரக்டர்) அதைக் கொல்லப் போனான், நான் தடுத்தேன். அரை மணி நேரம் சண்டை. "உன் கேரக்டரால் ஆட்டமே கெடுகிறது" என்கிறார்கள். நேர்மையான கேரக்டரை வைத்து நிம்மதியாக ஆடவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் நண்பர்களின் எரிச்சலும் நியாயம்தான். என் முதல் பேலடின் மூன்றாவது செஷனிலேயே கூட இருந்தவர்களை நகரக் காவலரிடம் காட்டிக்கொடுத்தான். சட்டப்படி சரி. அடுத்த வாரம் என்னை யாரும் கூப்பிடவில்லை.

இந்தக் கெட்ட பெயரில் பழைய விதிகளுக்கும் பங்கு உண்டு. பேலடின் 1975-ல் ஒரு துணைநூல் வழியாக ஆட்டத்துக்குள் வந்தான். 1978-ல் வந்த விதிநூலின்படி அவன் மனிதனாக, லாஃபுல் குட்டாக, அதாவது சட்டத்தை மதிக்கும் நல்லவனாக இருக்க வேண்டும்; ஆளுமைக் கவர்ச்சியைக் குறிக்கும் கரிஸ்மா எண் 17-க்குக் குறையக் கூடாது. தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் பட்டம் போனது போனதுதான். அதோடு, நல்லவர்களுடன் மட்டுமே நிலையாகச் சேர்ந்திருக்கலாம். அப்புறம் என்ன, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்கிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதே பேலடின் ஆடுபவரின் வேலையாகிவிட்டது.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அலைன்மென்ட் (லாஃபுல் குட் போன்ற குணவகை) கட்டாயத்தை எடுத்துவிட்டு, சபதத்தை நடுவில் வைத்தது. நீங்கள் எந்தச் சபதம் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பலரும் எடுக்கும் டிவோஷன் சபதம் என்றே வைத்துக்கொள்கிறேன். நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை, இந்த ஐந்தும் சபதம் எடுத்தவனை மட்டுமே கட்டுப்படுத்துபவை, பக்கத்தில் இருப்பவனை அல்ல. பீஷ்மர் கல்யாணம் வேண்டாம் என்று சபதம் செய்தார். தம்பி கல்யாணத்தில் அவர் குறுக்கே நிற்கவில்லை, பெண்ணைக் கொண்டுவந்ததே அவர்தான். (அந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்பது வேறு விஷயம்.)

சரி, கோப்ளினுக்கு வருவோம். நீங்கள் தடுத்தது தப்பில்லை, தடுத்த நேரம்தான் தப்பு. கத்தியை உருவிய பிறகு தடுத்தால் ரோக் ஆடுபவருக்கு அவமானம். கோப்ளின் ஆயுதத்தைக் கீழே போட்ட கணத்திலேயே "உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் காதிலும் விழும்படி உங்கள் பேலடின் சொல்லியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அதைக் காப்பாற்றும் செலவும் உங்களுடையது: கைதிக்கு உங்கள் சாப்பாட்டில் பங்கு, ராத்திரிக் காவல் உங்கள் முறை, தப்பித்துப் போனால் தேடிப் போவதும் நீங்கள்தான். மற்றவர்களுக்கு ஒரு வேலையும் வைக்காத இரக்கத்தை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை.

விதிகளும் கைகொடுக்கும். நெருங்கி நின்று போடும் சண்டையில் ஓர் எதிரியின் ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளியை) பூஜ்யமாக்கும்போது, கொல்லாமல் மயக்கமடையச் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஐந்தாம் லெவல் வந்ததும் ஸோன் ஆஃப் ட்ரூத் மந்திரம் கிடைக்கும். பத்து நிமிடம், பதினைந்து அடி ஆரம். அதில் சிக்கியவர் பொய் சொல்ல முடியாது, ஆனால் மழுப்பலாம், பேசாமலும் இருக்கலாம். அதனால் கேள்வியை இறுக்கமாகக் கேட்க வேண்டும். சித்திரவதை இல்லாமல் விசாரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. வட்டத்துக்குள் ரோக் நின்றால் அவனும் மாட்டலாம், அது தனி வேடிக்கை.

ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற வாதம். அவனை உருவாக்கியதே நீங்கள்தானே. ரோக் ஏதோ பணக்காரன் வீட்டுப் பூட்டை நெம்பும் நேரத்தில், உங்கள் ஆள் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கலாம். உங்கள் காதில் விழுந்ததெல்லாம் அவன் காதிலும் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடுத்த செஷனுக்கு முன்னால், கேரக்டர்களை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து பேரும் டீ குடித்தபடி பேசுங்கள். கைதிகளை என்ன செய்வது, திருட்டு எதுவரை, சித்திரவதை ஆட்டத்தில் வேண்டுமா? பத்து நிமிடம் போதும். ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் தனியாக ஒரு வார்த்தை: இரண்டு பாவத்தில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வாராவாரம் பொறி வைக்க வேண்டாம். எப்போதாவது என்றால் சுவை.

மனதுக்குள் நடக்கும் போராட்டமே உங்களுக்குப் பிடித்தது என்றால், கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகன் ஆடிப் பாருங்கள். 1985-ல் வந்தது, ஆர்தர் அரசரின் வீரர்களைப் பற்றியது. அதில் இரக்கமும் கொடுமையும் ஒரு ஜோடி, இரண்டும் சேர்ந்து 20. இரக்கம் 14 என்றால் கொடுமை 6. பகடை சரியாக விழாவிட்டால் உங்கள் வீரனே இரக்கத்தைக் கைவிடக்கூடும்.

அந்தக் கோப்ளின் இன்னும் உயிரோடு இருந்தால், அடுத்த வாரம் முதல் வேலையாக அதன் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்த பிறகு ரோக்குக்கும் அவ்வளவு சுலபத்தில் கை வராது. டிஎம்முக்கு இன்றே சொல்லிவிடுங்கள், நல்ல பெயராக யோசித்து வைக்கட்டும்.