மழையில் அம்பு ஏன் தாழ்கிறது? – வாசகர் கேள்வி பதில்

மழை நாளில் 70 மீட்டரில் எய்தால் அம்புகள் மையத்துக்குக் கீழே 8, 7 புள்ளி வளையங்களில் விழுகின்றன. ஈரக்காற்று கனமாக இருப்பதால்தான் என்கிறார்கள். உண்மையா? – ரிகர்வ் வில்லாளி, திருச்சி

காற்றின் மேல் பழி போட வேண்டாம். நீராவி காற்றைவிட இலேசானது. அதே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசாகவே இருக்கும். அம்பைத் தாழ்த்துவது நாணிலும் அம்பிலும் ஒட்டியிருக்கும் தண்ணீர்.

ரிகர்வ் (முனைகள் முன்பக்கம் வளைந்த வில்) அம்பு ஒன்றின் எடை 20 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அம்பிலும் நாணிலுமாகச் சேர்ந்து அரை கிராம் நீர் ஏறினாலே வேகம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு 70 மீட்டரைக் கடக்க 1.2 நொடி பிடிக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 7 மீட்டர் இறக்கிவிடும். அந்த இறக்கத்துக்கு ஏற்பத்தான் சைட் (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவி) வைத்திருக்கிறோம். வேகம் 1 சதவீதம் குறைந்தால் இறக்கம் 2 சதவீதம் கூடும். அதாவது 14 செ.மீ. 122 செ.மீ. இலக்குத்தாளில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 செ.மீ.தான். நடுமையத்துக்குப் போக வேண்டியது 8-இல் போய் நிற்கிறது. நீங்கள் எய்ததில் பிழையே இல்லாவிட்டாலும் இதுதான் நடக்கும்.

இன்றைய நாண் இழைகள் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, ஆனால் இழைகளுக்கு நடுவே தேக்கி வைத்துக்கொள்ளும். விட்டவுடன் நாணிலிருந்து சாரல் தெறித்தால் மெழுகு போதவில்லை என்று அர்த்தம். முந்தின இரவே நாண் மெழுகைத் தடவி, ஒரு தோல் துண்டை மடித்துப் பிடித்து, சூடு தெரியும் வரை மேலும் கீழும் உருவுங்கள். நாக் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் பகுதி) மாட்டும் செர்விங்கில் (நாணின் மேல் சுற்றிய நூல்) மட்டும் மெழுகு வேண்டாம். நாக்கின் பிடி மாறிவிடும். களத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் முன் உலர்ந்த துணியால் நாணை ஒரு முறை உருவிவிடுங்கள். அம்புகளை மொத்தமாகத் துடைத்துத் தூணியில் போட்டால் பயனில்லை. கடைசி அம்பு அதிக நேரம் நனைகிறது. முதல் அம்பும் கடைசி அம்பும் ஒரே எடையில் போகாது. ஒவ்வொன்றையும் மாட்டும் முன் தண்டைத் துடைத்து, நாக் பள்ளத்தை ஊதிவிட்டு மாட்டுங்கள். தூணிக் குழாய்களின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சைட்டை மாற்றலாமா? எவ்வளவு? – வாசகி, சேலம்

துடைத்த பிறகும் அம்புகள் கூட்டமாகக் கீழே விழுந்தால் மட்டும் மாற்றுங்கள். கண்ணுக்கும் சைட்டுக்கும் 90 செ.மீ. தூரம் இருந்தால், இலக்கில் 14 செ.மீ.க்குச் சைட்டில் 1.8 மி.மீ. போதும். அம்பு கீழே போனால் சைட்டையும் கீழே இறக்க வேண்டும். ஒரே ஓர் அம்பைப் பார்த்துத் திருகாதீர்கள்; மூன்று அம்பாவது எய்து பாருங்கள். மழை விட்டதும் பழைய குறிக்குத் திரும்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறினால் சைட்டைத் தொடவே கூடாது. அது கையின் கோளாறு. விரல்களைக் காக்கும் தோல் துண்டு (ஃபிங்கர் டாப்) நனைந்தால் ஊறி இழுபடும், விரல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விடும். பழகிய டாப் இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் உலர்ந்தபடி வைத்திருங்கள். வில்லின் பிடி வழுக்கினால் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றலாம். ஆனால் அப்படிச் சுற்றிப் பயிற்சி செய்திருக்க வேண்டும், போட்டியன்று முதல் முறையாகச் சுற்றாதீர்கள். மழைக்கோட்டின் தொளதொளச் சட்டைக்கையை ஆர்ம் கார்டுக்குள்ளும் மார்புத் துணியைச் செஸ்ட் கார்டுக்குள்ளும் அடக்கிவிடுங்கள். நாண் துணியை உரசினால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காம்பவுண்ட் (கப்பி பொருத்திய) வில்லுக்கும் இதே கணக்கா? – வாசகர், கோவை

தாழ்வு குறைவு. அம்பு நொடிக்கு 85 மீட்டர் போகிறது, தூரமும் 50 மீட்டர்தான். 1 சதவீத வேகம் குறைந்தால் சுமார் 3.5 செ.மீ. இறங்கும், 10 வளையத்தின் ஆரம் 4 செ.மீ. என்பதால் நடுமையத்துக்குப் போக வேண்டியது 10-க்குள்ளேயே நிற்கும். உங்களுக்கு எதிரி லென்ஸ். ஸ்கோப்பில் (சைட்டில் உள்ள லென்ஸ்) ஒரு துளி நின்றால் இலக்கே கலங்கும், பீப் துவாரத்தில் (நாணில் உள்ள பார்வைத் துளை) நின்றால் ஒன்றும் தெரியாது. நீர் ஒட்டாத லென்ஸ் திரவத்தை முன்கூட்டியே பூசுங்கள். காத்திருக்கும்போது ஸ்கோப்பை மூடி வையுங்கள். இழுக்கும் முன் பீப்பை ஒரு தடவை ஊதுங்கள்.

என் மகள் இந்தியன் ரவுண்டில் (மூங்கில் வில்லுக்கான போட்டிப் பிரிவு) எய்கிறாள். அவளுக்கு? – வாசகி, திருவண்ணாமலை

அவளுக்குத்தான் மழை அதிகம் படுத்தும். மூங்கில் ஈரத்தை இழுத்துக்கொண்டு விறைப்பை இழக்கிறது. அதே இழுப்புக்கு அம்பு மெதுவாகப் போகும். நனைந்த இறகு தண்டோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அம்பு வாலாட்டிக்கொண்டே போகும். எய்யாத நேரத்தில் வில்லுக்குப் பாலிதீன் உறையும் தூணியின் மேல் ஒரு பையும் போடுங்கள். படுத்த இறகைக் கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடி காட்டினால் நிமிர்ந்துவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றச் சொல்லுங்கள். ஈர வில்லை நாணோடு விட்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

நனைந்த வில்லைப் பெட்டியில் வைக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

கூடாது. பாகங்களைப் பிரித்துத் துடைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு வையுங்கள். வெயிலும், பூட்டிய காரின் சூடும் லிம்பின் (வில்லின் வளையும் கை) பசையைக் கெடுக்கும். பிளஞ்சரை (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பொத்தான்) கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் உலர்த்துங்கள். அது துருப்பிடித்து இறுகினால், வெயில் நாளிலும் அம்பு பக்கவாட்டில் விலகும். பெட்டியின் பஞ்சு ஈரமாக இருந்தால் அதையும் காயவைத்த பிறகே வில்லை உள்ளே வையுங்கள்.