நோய்க்காலத்தில் உள்ளாட்சியிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? கேள்வி பதில்

ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் 18 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் சமூக நிதியுதவிப் பிரிவில். குழுக்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படிப்பது, இடத்துக்குப் போய்ப் பார்ப்பது, கடைசியில் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. கொரோனா காலம் முழுக்க அந்த மேசையில்தான் இருந்தேன். நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். எங்கும் பொருந்தக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், நோய் என்றால் மருத்துவமனையும் அரசு சுகாதாரத் துறையும். இதில் உள்ளாட்சிக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. குடிநீர், கழிவுநீர், குப்பை, கொசு ஒழிப்பு, சந்தைச் சுத்தம், மயானம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் பெரும்பாலும் உள்ளாட்சியின் கையில்தான். இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பொது சுகாதாரத்தை நகராட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் பொது சுகாதாரப் பொறுப்பு உள்ளூர் கவுன்சில்களுக்கு வந்தது.

1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிராட் தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ செப்டம்பர் 7ஆம் தேதி போய்ச் சொன்னது யாரிடம் தெரியுமா? அந்தப் பகுதிக்கு அப்போது உள்ளாட்சியாக இருந்த பாரிஷின் நிர்வாகக் குழுவிடம். மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் ஸ்னோவின் கருத்தை நம்பாமல், அது தவறு என்று காட்டத்தான் வீடு வீடாக விசாரிக்கப் போனார். அந்தத் தெருக்காரர்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் கதவுகள் திறந்தன. கடைசியில் ஸ்னோ சொன்னதே சரி என்று அவருக்கே தெரிந்தது. கிணற்றை ஒட்டிய வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் கழிவுத் தொட்டி வழியாகக் கிணற்றில் கலந்ததையும் அவர்தான் தேடிப் பிடித்தார்.

எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் இல்லாமல் எந்தச் சுகாதாரத் திட்டமும் வாசலைத் தாண்டி உள்ளே போகாது. உள்ளாட்சிகள் சின்னக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பதே அதற்காகத்தான்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, வெளியே வர முடியாதவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறோம். பதிவு செய்த சங்கம் கிடையாது. எங்களுக்கு நிதி கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு. பதிவு பெற்ற ஒரு அமைப்பைத் தேடுங்கள். நூலக வாசகர் வட்டம், விளையாட்டுக் கழகம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் சரி. பணத்தை அவர்கள் கணக்கில் வாங்கி, வேலையை நீங்கள் செய்வதாக இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பக்கக் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். பணம் எத்தனை நாளில் உங்களுக்கு வரும், மீதி இருந்தால் யாருக்கு என்ற இரண்டையும் அதில் எழுதாமல் விடாதீர்கள். நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு வரி இல்லாததால் வந்தவை.

தனி வங்கிக் கணக்கு தொடங்குவதாக இருந்தால் இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

கேள்வி: மூன்று முறை விண்ணப்பித்தும் நிராகரித்துவிட்டார்கள். பணம் கேட்டது 'கோவிட் விழிப்புணர்வு மற்றும் மக்கள் நலப் பணிகளுக்காக'. என்ன தப்பு?

நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிதான் தப்பு. கோபிக்காதீர்கள். ஒரே நாளில் நாற்பது விண்ணப்பம் படித்தால் முப்பதில் இதே வாசகம் இருக்கும். யாருக்கு, எத்தனை வீட்டுக்கு, எந்தக் கிழமை, யார் கொண்டுபோவார்கள் என்று ஒன்றும் தெரியாது. படிக்கிறவர் உங்களை நம்பத் தயாராக இருந்தாலும் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த விண்ணப்பத்தை இன்னும் மறக்கவில்லை. படிவத்தில் எழுதியிருந்தது எட்டே வரி. கூடவே ஒரு நீளமான கணக்கு நோட்டின் இரண்டு பக்கங்களை, கதவு எண்ணையும் பெயரையும் மறைத்து நகல் எடுத்து வைத்திருந்தார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பத்திகள்: எத்தனை பேர், 70 வயதுக்கு மேல் யார், தினசரி என்ன மருந்து, எந்தத் தேதியில் தீரும், மாற்றுச் சாவி யாரிடம். ஒரு வரியில் சிவப்பு மையில் இப்படி இருந்தது: "காது கேட்காது. கதவைத் தட்ட வேண்டாம், ஜன்னலில் டார்ச் அடிக்கவும்."

அவர்கள் கேட்டது இரண்டு குளிர்காப்புப் பைகள், ஆறு மாதத்துக்கு ஒரு தொலைபேசிக் கட்டணம், ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் செலவு. பை எதற்கு என்பதையும் எழுதியிருந்தார்கள். இருப்பு வைக்கும் இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், நாலு பேர் இன்சுலின் போடுகிறார்கள், மருந்தகத்திலிருந்து வெயிலில் வர 40 நிமிடம் ஆகிறது. மறுநாளே ஒப்புதல் போனது.

உங்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும், இல்லையென்றால் மனதிலாவது இருக்கும். அதை எழுதுங்கள். 'மக்கள் நலன்' என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் ஒரு எண்ணையோ ஒரு கிழமையையோ எழுதிப் பாருங்கள். அப்புறம், தேவைக்கு மேல் கேட்காதீர்கள். பாதியைத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்து இரண்டு மடங்கு கேட்கிறவர்கள் உண்டு. விலை தெரிந்த அலுவலர் ஒருவர் கண்ணில் அது பட்டால் மொத்த விண்ணப்பத்தின் மேலும் சந்தேகம் விழும்.

கேள்வி: விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த நிதி வாங்கினோம். பணம் வந்த வாரமே கூட்டம் கூடத் தடை. அந்தப் பணத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கி வீடுகளுக்குச் சுற்றில் விடலாமா?

நல்ல யோசனை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் எழுதிக் கேளுங்கள். ஐந்து வரி மின்னஞ்சல் போதும்: எதற்கு வாங்கினோம், ஏன் முடியவில்லை, பதிலாக என்ன செய்ய விரும்புகிறோம், செலவு எவ்வளவு, பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும். நெருக்கடி நேரத்தில் எங்கள் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட கோரிக்கைகளை நாங்கள் மறுத்தது மிகக் குறைவு. செலவு செய்துவிட்டுப் பிறகு சொன்னவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்தது. நல்ல காரியத்துக்குத்தான் செலவழித்தார்கள் என்று தெரிந்தும் கேட்க வேண்டி வந்ததே என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

தொலைபேசியில் அலுவலர் சரி என்று சொன்னால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போனாலும் அது நிற்கும்.

கேள்வி: கணக்கு விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு எது?

பில். கடைகளில் வழவழப்பான தாளில் அச்சாகி வரும் பில்லில் மை கிடையாது, வெப்பத்தில் தாள் கருப்பாவதுதான் எழுத்து. பர்ஸிலோ வண்டியிலோ கிடந்தால் சில மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். தணிக்கைக்குக் கேட்கும்போது ஒரு தம்பி முப்பது வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கிய அன்றே படம் எடுங்கள், நகல் எடுத்துப் பின்னால் எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையை மூடச் சொன்ன மாதங்களுக்கும் உரிமக் கட்டணம், வரி கட்ட வேண்டுமா?

விலக்கு அறிவித்திருந்தால் தவிர, கட்ட வேண்டும். அதனால் காத்திருக்காமல் தவணை அல்லது கால நீட்டிப்பு கேட்டு எழுதுங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் வரும் கடிதத்தையும் பின்னால் வரும் கடிதத்தையும் எந்த அலுவலகமும் ஒரே மாதிரி பார்க்காது. பழைய பாக்கி இருந்தால் அதை மறைக்க வேண்டாம், தவணைத் திட்டத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் தினக்கூலிக்காரர்கள் அதிகம். காய்ச்சல் இருந்தும் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்கள். எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

எடுத்துச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லையே. அவர்களுக்கு எல்லாம் தெரியும். பரிசோதனையில் நோய் என்று வந்தால் பத்து நாள் கூலி போகும், அதனால் வருவதில்லை. அவர்கள் இடத்தில் நானும் வந்திருக்க மாட்டேன்.

கூலிக்கு வழி செய்தால்தான் பரிசோதனைக்கு ஆள் வரும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 28 முதல், தனிமைப்படுத்தச் சொல்லப்பட்டு வேலைக்குப் போக முடியாத குறைந்த வருமானக்காரர்களுக்கு 500 பவுண்டு கொடுத்தார்கள். விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தது உள்ளூர் கவுன்சில்கள். விதிக்குள் வராதவர்களுக்குக் கவுன்சிலே முடிவெடுத்துக் கொடுக்க ஒரு தனி ஒதுக்கீடும் இருந்தது. உங்கள் ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும்போது அந்த இரண்டாவது வகையையும் சேர்த்துக் கேளுங்கள். 'சிறப்பு நேர்வு', 'விருப்புரிமை நிதி' என்று வெவ்வேறு பெயரில் இருக்கும். பொதுவாக விளம்பரப்படுத்த மாட்டார்கள்.

எதுவுமே இல்லையென்றால் உங்கள் குழு அதற்கென்றே நிதி கேட்கலாம்: பத்து நாளுக்கான மளிகை, மருந்து, வீட்டில் தனியறை இல்லாதவர்களுக்குத் தங்குமிடம். பரிசோதனைக்கு வருவதற்கு முன்னாலேயே இது உறுதி என்று அவர்களிடம் சொல்ல முடிய வேண்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். எல்லா உதவிக்கும் ஆன்லைன் படிவம்தான். எங்கள் தெருப் பாட்டிகள் என்ன செய்வார்கள் அம்மா?

தம்பி, நீ கேட்டது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படிவம் நிரப்பியவர்களின் எண்ணிக்கையைத் தேவைப்படுகிறவர்களின் எண்ணிக்கை என்று நாங்களே ஒரு காலத்தில் நம்பினோம்.

ஒரு அட்டையில் உன் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவிடுக்கில் போடு. பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு ஆளே நூறு வீடு பார்க்க முடியாது. 2020 ஊரடங்கின்போது கேரளாவில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் இயக்கமும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையலறைகளைச் சில நாட்களில் திறந்தார்கள். 1998இல் தொடங்கிய இயக்கம் அது. பத்து, இருபது வீடுகளுக்கு ஒரு அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, என்று முன்பே இருந்தது. நோய் வந்த பிறகு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

பாட்டிக்காகப் படிவம் நிரப்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பு, வங்கி விவரத்தை உன் போனில் சேமிக்காதே. விண்ணப்பம் சேர்ந்ததற்கான ஒப்புகை எண் வந்ததும் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடு.

கேள்வி: வார்டு உறுப்பினருக்கு வேண்டிய குழுக்களுக்கே நிதி போகிறது. நேர்மையாகச் சொல்லுங்கள், உண்மைதானே?

சில இடங்களில் உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: தேர்வுக்கான அளவுகோல், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல், முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற சட்டம் உண்டு. கேள்வியைச் சண்டையாக எழுதாதீர்கள். "எங்கள் விண்ணப்பத்துக்கு எத்தனை மதிப்பெண், எதில் குறைந்தது?" என்று கேட்டாலே அடுத்த சுற்றில் கையெழுத்து போடுகிறவர் கொஞ்சம் நிதானிப்பார்.

கேள்வி: என் அப்பா தொற்றில் இறந்தார். முகம்கூடப் பார்க்க விடவில்லை. இதில் கேட்கும் உரிமை ஏதாவது எங்களுக்கு இருந்ததா?

உங்கள் இழப்புக்கு என்னிடம் வார்த்தை இல்லை. கேட்டிருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் கேட்கும் நிலையில் எந்தக் குடும்பமும் இருக்காது. உங்களுக்காகக் கேட்க ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது உடல்களைக் குடும்பத்திடமிருந்து எடுத்துப்போய் அடக்கம் செய்ததால், மக்கள் பயந்து இறப்புகளையே மறைத்தார்கள். 2014 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்ற நடைமுறையை வெளியிட்டது. குடும்பத்தையும் மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, தொடாமலே பிரார்த்தனை செய்யவும் விடைகொடுக்கவும் அதில் இடம் இருந்தது. தொட்டாலே ஆபத்தான எபோலாவிலேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

மயானம் உங்கள் உள்ளாட்சியின் பொறுப்பில் இருந்தால், அடுத்த முறைக்கு என்ன நடைமுறை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் தவறாக இருந்தால் திருத்தம் கோருங்கள். நிவாரணத் தொகை பல இடங்களில் அந்த ஒரு வரியைப் பொறுத்தது.

கேள்வி: எங்கள் பகுதியில் நோய் ஓய்ந்துவிட்டது. நிதியின் கணக்கும் முடித்தாயிற்று. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று எழுதிய எங்கள் நோட்டுகளை என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் யோசிப்பதே இல்லை. அந்தத் தகவல் உங்களுக்குக் கொடுக்கப்பட்டது நோய்க்காலத்துக்காக. கணக்குத் தொடர்பானவற்றை நிதி கொடுத்தவர் சொன்ன காலம்வரை வையுங்கள். பெயரும் நோயும் சேர்ந்திருக்கும் பக்கங்களைக் கிழித்து அழித்துவிடுங்கள், போனில் எடுத்த படங்களையும். தொடர்ந்து உதவி வேண்டும் என்பவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

முன்னால் சொன்ன அடுக்குமாடிக் குழுவும் அப்படித்தான் செய்தது. அந்தக் காது கேட்காத அம்மாவிடம் போய், காகிதத்தில் எழுதிக் கேட்டார்கள். தன் வரியையும் அழித்துவிடச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு டார்ச் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னார்.